கரிசல் காட்டில் நிதானப் பயணம்: நீண்ட விடுப்பில் கோவில்பட்டிச் சீமை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் கோவில்பட்டியைப் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையாகத்தான் பார்த்திருப்பார்கள். சாத்தூர் தாண்டியதும் இருபுறமும் கறுத்த புஞ்சை, நடுநடுவே சீமைக்கருவேலம், தூரத்தில் சுற்றும் காற்றாலைகள். ஒரு மணி நேரத்துக்குள் கயத்தாறும் கடந்துவிடும். "ஒண்ணுமில்லாத பொட்டல்" என்று சொல்லிவிட்டுத் தாமிரபரணிக் கரைக்கோ குற்றாலத்துக்கோ போய்விடுவார்கள். அந்தப் பொட்டலுக்குள்தான் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் செதுக்கிய மலைக்கோயில் இருக்கிறது. பாரதி பிறந்த வீடு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற நான்கு தமிழ் எழுத்தாளர்களின் ஊர்கள் இருக்கின்றன.

சில மாதம் வேலையிலிருந்து விடுபட்டு, நாட்டுப்புறச் சாலைகளில் அவசரமில்லாமல் வண்டி ஓட்டிப் போவது அயர்லாந்து போன்ற நாடுகளில் பழகிப்போன ஒன்று. அங்கே மேற்குக் கடலோரமாகச் சுமார் 2,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பயணப் பாதையை 2014-இல் அறிவித்தார்கள். அதற்காகப் பெரிய சாலை எதுவும் புதிதாகப் போடவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளைக் கோத்து, வழிகாட்டிப் பலகை நட்டார்கள். கோவில்பட்டியைச் சுற்றியும் அப்படிக் கோக்கத் தக்க சாலைகள் இருக்கின்றன, பலகைதான் இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்ப்பதற்கு இந்த அத்தியாயம்.

இதன் அடிப்படை ஒன்றுதான்: தினமும் ஊர் மாறாதீர்கள். ஒரே ஊரில் தங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு திசை போதும், போகிற தூரம் நாற்பது ஐம்பது கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். கரிசல் வானத்தை நம்பி வாழ்கிற நிலம். அதன் அழகும் அதன் வேலையும் பருவத்துக்குப் பருவம் மாறும். நின்று பார்க்கிறவர்களுக்கே அது பிடிபடும்.

எந்த மாதத்தில் போவது

இந்தப் பயணத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். ஊர்ப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புரட்டாசி: மானாவாரி விதைப்பு. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் இந்தப் பட்டத்தில்தான். இப்போது டிராக்டர்தான் அதிகம் என்றாலும், கிராமங்களில் காலை ஆறு மணிக்கே காடு கலகலப்பாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மாதங்களில் பெய்துவிடும். ஓடைகள் ஓடும், கண்மாய்களுக்குத் தண்ணீர் வரும். பார்க்க அற்புதமான காலம், ஆனால் வண்டிக்குச் சிரமமான காலம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மார்கழி, தை: முதல்முறை வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. கறுப்பு மண் கண்ணில் படாத அளவுக்குப் பயிர் மூடியிருக்கும். மல்லிக் காட்டுப் பக்கம் போனால் வாசனை வண்டிக்குள் வரும். காலைக் குளிர் இதமாக இருக்கும், பகலிலும் நடக்கலாம்.

மாசி, பங்குனி: பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு. விளாத்திகுளம் பக்கம் களங்களில் வத்தல் காய்வதைப் பார்க்கலாம். நண்பகல் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும்.

சித்திரையிலிருந்து ஆவணி வரை: காடு வெறுமையாகக் கிடக்கும். வெயில் 38, 40 டிகிரி வரை போகும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று இரு சக்கர வண்டியைத் தள்ளும். இந்தக் காலத்தில் வருகிறவர்களுக்கும் பார்க்க ஒன்று உண்டு: கிடை. அறுவடை முடிந்த காட்டில் ஆடுகளை இரவெல்லாம் அடைத்துப் போட்டு, அதன் புழுக்கையையும் மூத்திரத்தையும் நிலத்துக்கு உரமாக்கும் பழைய ஏற்பாடு. அதிகாலையில் கிடை கலைகிற நேரத்துக்குப் போய் நின்றால் ஆடு மேய்க்கும் கீதாரிகளோடு பேசலாம்.

மண்ணைத் தெரிந்துகொண்டு வண்டி எடுங்கள்

கரிசல் மண்ணில் இருப்பது மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண். ஈரம் பட்டால் ஊதிப் பெருகும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பாருங்கள். மேலே விரல் அகலத்தில் தெரியும் பிளவுக்குள் கை மணிக்கட்டு வரைக்கும் இறங்கும். உள்ளே மண் இன்னும் கொஞ்சம் குளுமையாக இருக்கும். மேல்மண் பொடிந்து அந்த வெடிப்புக்குள் விழும். அடுத்த மழையில் மண் வீங்கி வெடிப்பு மூடும். ஆண்டுதோறும் இப்படி மேலது கீழும் கீழது மேலுமாகப் புரள்வதால், தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வார்கள். குடித்த தண்ணீரை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் உண்டு. மழை நின்று வாரக்கணக்கான பிறகும் பயிர் பச்சையாக நிற்பது அதனால்தான்.

இந்த மண்ணையும் மானாவாரி விவசாயத்தையும் ஆராய்வதற்காகவே கோவில்பட்டியில் 1901-இல் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினார்கள். இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது நடக்கிறது. பருத்தி, சோளம், கம்பு ஆகியவற்றில் இங்கிருந்து வெளியான ரகங்கள் 'கே' என்ற எழுத்தோடு தொடங்கும். கோவில்பட்டி என்பதன் ஆங்கில முதலெழுத்து அது. விவசாயத்தில் ஆர்வமுள்ளவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போய்ப் பார்க்கலாம்.

வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த மண் சொல்லும் பாடம் எளிது. மழை பெய்த பிறகு தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். நனைந்த கரிசல் டயரில் அப்பிக்கொண்டு மட்காடுக்குள் அடைத்துக்கொள்ளும்; சக்கரம் சுற்றாது. காரானால் நிற்கும் இடத்திலேயே அமிழும். எதிரே லாரி வருகிறதே என்று மண் ஓரத்தில் இறக்கினால்கூடச் சிக்கல்தான். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகே மண்பாதைப் பக்கம் போங்கள். ஓடைப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனால், ஆழம் முழங்கால்தான் என்று யார் சொன்னாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். கிராமச் சாலையில் உளுந்துச் செடியையும் மக்காச்சோளத்தையும் காயப் போட்டிருப்பார்கள். வேகத்தைக் குறைத்து, தானியத்தின் மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள். அது ஒரு வீட்டின் ஒரு வருடச் சம்பாத்தியம்.

சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரண்டும் கோவில்பட்டியில் நிற்கும். இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். மதுரையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர், திருநெல்வேலியிலிருந்து 55, தூத்துக்குடியிலிருந்து 60. தொலைதூரப் பேருந்துகள் பலவும் ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையோரக் கூடுதல் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்குவதற்கு ஊருக்குள் நடுத்தர லாட்ஜுகள் இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாகச் சொல்லிப் பேசினால் வாடகை குறையும். மேல்மாடி அறையாகக் கேட்காதீர்கள். கோடையில் மொட்டைமாடிச் சூடு இரவெல்லாம் இறங்கும்.

வண்டிக்கு: நூறு, நூற்றைம்பது சிசி பைக் இந்தச் சாலைகளுக்கு மிகப் பொருத்தம். பெரியவர்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்குச் சிறிய கார் போதும். மார்கழி, தையில் சைக்கிளிலும் சுற்றலாம். நிலம் சமதளம், ஏற்றங்கள் குறைவு. பெட்ரோலைக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் போன்ற ஊர்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். இடையில் கிராமங்களை நம்பிப் போக வேண்டாம்.

மேற்கு வழி: கழுகுமலை

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குள் மலையடிவாரத்தில் இருந்துவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் ஏறுவதும் சிரமம், நின்று பார்ப்பதும் சிரமம்.

வெட்டுவான் கோயிலைக் கட்டடம் என்று சொல்ல முடியாது. மலைச்சரிவில் மூன்று பக்கமும் அகழிபோல் வெட்டி, நடுவில் விட்ட ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. எல்லோரா கைலாசநாதர் கோயிலில் கையாண்ட அதே முறை. இங்கே சிகரமும் விமானமும் முடிந்துவிட்டன. அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. அதனால்தான் இது ஒரு பள்ளிக்கூடம்போல் இருக்கிறது: சிற்பி எங்கே தொடங்கினான், எந்த வரிசையில் இறங்கினான், எங்கே உளியைக் கீழே வைத்தான் என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம்.

மேலே நின்று தெற்குப் பக்கத்தைத் தேடுங்கள். தட்சிணாமூர்த்தி அமர்ந்திருப்பார், கையில் மிருதங்கம். வழக்கமாகச் சின்முத்திரையோடு காணும் அந்தக் கடவுள் இங்கே ஒரு வித்துவானாக இருக்கிறார். விரல்கள் தோலின் மேல் படிந்திருக்கும் விதம், தலை லேசாகச் சாய்ந்திருக்கும் விதம், இரண்டையும் பார்த்தால் தாளம் பிடித்துக் கேட்ட ஒருவன்தான் இதைச் செதுக்கியிருக்க முடியும் என்று தோன்றும். பக்கத்தில் உமையோடு சிவன், கீழே பூதகணங்கள், மூலைகளில் நந்திகள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது சிற்பங்களின் விளிம்பு துலக்கமாகத் தெரியும்.

அதே மலையில் சமணர் படுக்கைகளும், பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உண்டு. ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா ஆகியோரைத் தனித்தனியாக அடையாளம் காணலாம். பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் இருக்கிறது. குரத்தியர் என்று குறிக்கப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் அவற்றில் இருப்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த வறண்ட சீமையில் பெண்கள் துறவிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் பாறையே சாட்சி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சிற்பத்தைத் தொடாதீர்கள், எழுத்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியோ தண்ணீரோ தேய்த்துப் படிக்க முயலாதீர்கள்.

அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்த கருவறையில் முருகன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன் மேல்தான். நேரமிருந்தால் அப்படியே மேலும் 20 கிலோமீட்டர் போய்ச் சங்கரன்கோவிலையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம்.

கிழக்கு வழி: எட்டயபுரமும் விளாத்திகுளமும்

எட்டயபுரம் 15 கிலோமீட்டர்தான். காலையில் போய் இருட்டும் வரை இருந்தாலும் தகும். சின்ன ஊர் என்பதால் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே பாருங்கள்.

1882 டிசம்பர் 11-இல் பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஊருக்குள் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. கல்கியின் முயற்சியில் பொதுமக்கள் தந்த பணத்தில் எழுந்து, 1947-இல் ராஜாஜி திறந்து வைத்தது அது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் இந்த ஊரில்தான் அடங்கியிருக்கிறார். 1835-இல் ஒரு தீபாவளி நாளில் முத்துசுவாமி தீட்சிதர் காலமானதும் இங்கேதான். அவர் சமாதிக்கு இன்றும் இசைவாணர்கள் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். வறண்டு கிடந்த இந்தப் பூமியைப் பார்த்து மனம் பொறுக்காமல் தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று ஒரு மரபுக் கதை உண்டு. எட்டயபுரத்துக்காரர்கள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு கனிவு வரும். மழைக்காக ஏங்கியே பழகிய ஊரில் அந்தக் கதைக்கு இருக்கும் மதிப்பு வேறெங்கும் இருக்காது.

தீட்சிதர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலிருந்துதான் வெளிவந்தது. கர்நாடக இசைக்கு அடிப்படையான ஒரு பெருநூலை அச்சில் கொண்டுவரும் அளவுக்கு இந்தச் சமஸ்தானத்துக்குக் கலையில் பிடிப்பு இருந்தது. அரண்மனை இன்று சிதிலமாகத்தான் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், அனுமதியில்லாமல் உள்ளே போக வேண்டாம்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உருளைக்குடி. சோ. தர்மனின் ஊர். ஒரு கண்மாயை நடுவில் வைத்து அவர் எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால் ஒவ்வொரு கண்மாயிலும் மடை எங்கே, கலிங்கு எங்கே, கரையில் என்ன மரம் என்று கண் தானாகத் தேடும்.

இன்னும் கிழக்கே விளாத்திகுளம். வைப்பாற்றுப் பக்கம் மிளகாய்க் காடுகள். அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் வேம்பார். கருப்பட்டிக்குப் பெயர்போன ஊர். மாசியிலிருந்து ஆடி வரை பதநீர்க் காலம். காலை எட்டு மணிக்குள் போனால் ஓலைப் பட்டையில் பதநீர் குடிக்கலாம். வெயில் ஏறிவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும்.

இந்த வழியில் மாலை நேரத்தை வானத்துக்கு ஒதுக்குங்கள். ஐப்பசிக்குப் பிறகு பங்குனி வரை, மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் இந்தச் சீமைக்கு வலசை வருகின்றன. காட்டுக்கு மேல் தாழப் பறந்து, வெட்டுக்கிளியையும் எலியையும் தேடும். இரவில் மரத்தில் அடையாமல், புல் மண்டிய தரையிலேயே கூட்டமாகத் தங்கும் பறவை இது. தரிசுப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து அழிப்பது இவற்றின் படுக்கையைப் பறிப்பதாகும். வண்டியிலிருந்து இறங்காமல், விளக்கு போடாமல் பாருங்கள்.

தெற்கு வழி: இடைசெவல், கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி

நான்குவழிச் சாலையில் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் பிறந்து ஒன்றாக வளர்ந்த ஊர். அழகிரிசாமிக்கு 'அன்பளிப்பு' தொகுப்புக்காக 1970-இல், மறைவுக்குப் பின், சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, கி.ரா.வுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-இல். பக்கத்து ஊர்க்காரரான பூமணி 'அஞ்ஞாடி'க்காக 2014-இல் பெற்றார். கி.ரா. 2021-இல் மறைந்த பிறகு கோவில்பட்டியில் அவருக்கு அரசு நினைவரங்கம் எழுப்பியிருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு, பிறகு இடைசெவல் தெருக்களில் நடப்பது நல்ல வரிசை.

அடுத்து கயத்தாறு. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனை ஆங்கிலேயர் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். நெடுஞ்சாலையோரத்தில் நினைவிடம் இருக்கிறது. அங்குள்ள சிலையை நிறுவியவர் நடிகர் சிவாஜி கணேசன்.

இன்னொரு நாளில் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஒட்டப்பிடாரம் போகும் சாலையைப் பிடியுங்கள். இந்தப் பகுதியிலேயே நிதானமாக ஓட்டுவதற்கு ஏற்ற சாலை அது. குருமலைக் காடு ஒரு பக்கம் கூடவே வரும்; அங்கே புள்ளிமான்கள் உண்டு. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் பழைய கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போதுள்ள நினைவுக் கோட்டை 1974-இல் அரசு கட்டியது. அயர்லாந்தில் பிறந்து நெல்லைச் சீமையிலேயே வாழ்நாளைக் கழித்த கால்டுவெல், 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இந்தப் பாளையப் போர்களை விரிவாகப் பதிந்திருக்கிறார். போவதற்கு முன் அந்தப் பகுதியையாவது படித்துவிடுங்கள். ஊரில் கேட்கும் கதைப்பாடல் மரபையும் எதிர்த்தரப்பு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஊருக்குள் ஒரு நாள்

கோவில்பட்டிக்கு மட்டுமென்று ஒரு முழு நாள் வேண்டும். காலையில் செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயில். பிறகு கடைத்தெரு.

கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிற இடத்தில் அனுமதி கேட்டால் பல இடங்களில் பார்க்க விடுவார்கள். வறுத்த கடலையைத் தோல் நீக்கி, பருப்பை உடைத்து, புடைத்து வைத்திருப்பார்கள். வெல்லப்பாகு கொதிக்கும், பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் எடுத்து ஒடித்துப் பார்ப்பார் மாஸ்டர். சொடக்கென்று ஒடிந்தால் இறக்க வேண்டிய நேரம். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, இறுகுவதற்குள் அளவு வைத்து வெட்டிவிட வேண்டும். எல்லாம் சில நிமிடத்துக்குள். மேலே தூவும் வண்ணத் தேங்காய்த் துருவல் இந்த ஊர் மிட்டாயின் அடையாளம். வாங்கும்போது அன்று போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். ஈரம் படாமல் டப்பாவில் அடைத்தால் பயணம் முடியும் வரை மொறுமொறுப்பு போகாது.

அடுத்தது தீப்பெட்டி. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923-இல் தொடங்கியது, கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மழை குறைந்த, காற்று உலர்ந்த இந்தச் சீமை குச்சியும் மருந்தும் காய்வதற்குத் தோதானது. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்களைத் தாங்கியது 'தீப்பெட்டி ஆபீஸ்' வேலைதான். உழைப்பவர்களில் பெண்களே அதிகம். ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 14 ஆண்டுக்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. எளிதில் தீப்பற்றும் பொருள் உள்ள இடம் என்பதால் உரிமையாளர் அனுமதியில்லாமல் உள்ளே போகவோ, படம் எடுக்கவோ கூடாது.

சாயங்காலம் ஆக்கி மைதானம். இந்த ஊரின் விளையாட்டு ஆக்கிதான். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு ஊரே திரளும். மற்ற நாட்களிலும் மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டையோடு பையன்களைப் பார்க்கலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

கம்மங்கூழுக்கு மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். உளுந்தங்களிக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். குதிரைவாலிச் சோற்றுக்குக் காணத் துவையல். இவையெல்லாம் ஓட்டலில் எப்போதும் கிடைக்காது; சாலையோரக் கூழ்க் கடைகளிலும் வீடுகளிலும்தான் கிடைக்கும். இரவில் புரோட்டாக் கடைகள் களைகட்டும். சாத்தூர்ப் பக்கம் போனால் காராச்சேவும், பருவத்தில் வெள்ளரிப் பிஞ்சும் வாங்காமல் வராதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது வண்டியில் இருக்கட்டும். ஊருணியில் கால் நனைப்பது, வண்டி கழுவுவது கூடவே கூடாது. சில ஊர்களில் அது இன்றும் குடிநீர்.

மனிதர்களோடு பழகுவது

கடைக்காரரை, காட்டில் நிற்பவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுங்கள். வயதானவர்களை 'ஐயா', 'ஆச்சி'. நடுவயதுப் பெண்களை 'அக்கா'. வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி "எந்த ஊருய்யா?" என்றுதான் வரும். நேராகப் பதில் சொல்லிவிட்டு, "மழை எப்படிங்க அண்ணாச்சி இந்த வருசம்?" என்று கேளுங்கள். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வேலை நேரத்தில் படம் எடுக்க முதலில் அனுமதி கேளுங்கள். காட்டுக்குள் பாதையில்லாத இடத்தில் நடக்காதீர்கள். பயிரும் மிதிபடும், விரியன் பாம்பும் இருக்கும். மாலைக்கு மேல் டார்ச் இல்லாமல் நடக்கவே வேண்டாம். அவசரத்துக்கு 108.

பத்து நாள் திட்டம்

முதல் நாள் வந்து ஓய்வு. சாயங்காலம் கோயிலும் கடைத்தெருவும். இரண்டாம் நாள் கழுகுமலை. மூன்றாம் நாள் ஊருக்குள். நான்காம் நாள் எட்டயபுரம். ஐந்தாம் நாள் எங்கும் போகாமல் கி.ரா.வையோ பூமணியையோ படிப்பது. ஆறாம் நாள் இடைசெவலும் கயத்தாறும். ஏழாம் நாள் விளாத்திகுளம், வேம்பார். எட்டாம் நாள் பசுவந்தனை, ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி. ஒன்பதாம் நாள் வடக்கே சாத்தூர், இருக்கன்குடி மாரியம்மன் கோயில். பத்தாம் நாளை, உங்களுக்கு மிகப் பிடித்த இடத்துக்கு மறுபடி போக வைத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு மூன்று நான்கு மாதம் இருக்கிறது என்றால் இந்தப் பத்து நாளை ஒரே மூச்சில் செலவழிக்காதீர்கள். புரட்டாசி விதைப்பில் ஐந்து நாள், தை அறுப்பில் ஐந்து நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். புழுதியில் விதை போட்டவரிடம் பேர் கேட்டு வைத்துக்கொண்டு, தையில் அதே காட்டுக்குப் போய் விளைச்சல் என்னவென்று விசாரியுங்கள். உளுந்தோ மல்லியோ வத்தலோ அவரிடமே, அவர் சொல்கிற விலைக்கு வாங்குங்கள். மழையை நம்பி ஒரு குடும்பம் என்ன பந்தயம் கட்டுகிறது, அதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்பது அப்போது தெரியும். கரிசலைப் பற்றி இந்த அத்தியாயம் சொல்லக்கூடியதைவிட அது பெரிய பாடம்.